லைட்டைக் கீழ புடிங்கம்மா

நான் நடக்கப் போகிற நேரம் இரவு ஒன்பதே முக்கால். வேலை முடிந்து வந்து, வீட்டு வேலையையும் ஒப்பேற்றிய பிறகு எனக்கென்று மிஞ்சுவது அந்த ஒரு மணி நேரம்தான். விடியற்காலையில் நடக்கிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும் என்பார்கள். நான் அவர்களைப் பார்த்ததே இல்லை; பார்க்க வேண்டுமென்றால் அந்த நேரத்தில் எழுந்திருக்க வேண்டுமே.

பாதையில் பாதி தெருவிளக்கு உள்ள சாலை. அப்புறம் ஒரு வளைவு. அதைத் தாண்டினால் ஏரிக்கரை மண்பாதை, ஒன்றரை கிலோமீட்டருக்குக் கும்மிருட்டு. வேர், கல், மழை அரித்த பள்ளம் எல்லாம் உண்டு. டார்ச் இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. இரண்டு வருடமாக, விரல் நீளப் பேட்டரி இரண்டு போடுகிற ஒரு சின்ன டார்ச்சை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அது என் தம்பிக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினான்.

"அக்கா, ராத்திரி தனியா போற. இதை வச்சுக்க. எவனாவது வம்பு பண்ணா கண்ணுல அடி, ஓடிருவான்."

பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்தாலே கண் கூசியது. 10,000 லூமென். ஜூம். படபடவென்று விட்டு விட்டு மின்னுகிற ஸ்ட்ரோப். ஆபத்தில் உதவி கேட்டு மின்னுகிற எஸ்.ஓ.எஸ். பக்கவாட்டில் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி மின்னுகிற பட்டை விளக்கு. பின்பக்கத்தில் பச்சை லேசர். போதாக்குறைக்கு முன்முனையில் பல் பல்லாக வெட்டிய உலோக வளையம் வேறு. எதற்கென்று கேட்டதற்கு "சும்மா, ஒரு கெத்துக்கு" என்றான். கையில் எடுத்தால் சின்ன உலக்கை மாதிரி கனம்.

முதல் நாள் இரவே வினை வந்தது.

ஏரிக்கரையில் பாதி தூரம் போயிருப்பேன். எதிரே யாரோ வருவது மாதிரி அசைவு. புது டார்ச், தம்பி சொன்ன வார்த்தை, லேசான பயம், எல்லாம் சேர்ந்து கை தானாக மேலே எழும்பிவிட்டது. வெளிச்சம் நேராகப் போய் ஒரு முகத்தில் விழுந்தது. எழுபதைத் தாண்டிய பெரியவர். கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் மங்கலான ஒரு டார்ச். சட்டென்று முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஓரடி பக்கவாட்டில் வைத்தார். அந்தப் பக்கம் சரிவு. கோல் மண்ணில் இறங்கி நின்றதால் அவர் தப்பித்தார்.

"லைட்டைக் கீழ புடிங்கம்மா. ஒண்ணுமே தெரியல."

பதறிப்போய்க் கீழே இறக்கினேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, நகரவும் இல்லை. கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்தபடி அப்படியே நின்றார்.

"நீங்க போங்கம்மா. எனக்குக் கண்ணு வரட்டும், அப்புறம் நடக்கறேன்."

நான் போகவில்லை. அவருக்குக் கண் வருகிறவரைக்கும் நின்றேன். எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியாது. அந்த மாதிரி நேரத்தில் ஒரு நிமிஷம் என்பது ரொம்ப நீளம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவளுக்கு அந்த 'கண்ணு வரட்டும்' விடவே இல்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். விழித்திரையில் இரண்டு வகை செல்கள் உண்டு என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கூம்பு செல்கள் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும். கோல் செல்கள் மங்கலுக்கு. பகலிலிருந்து இருட்டுக்குள் போனால் கூம்பு செல்கள் பத்து நிமிஷத்துக்குள் தம்மால் முடிந்த அளவுக்குத் தயாராகிவிடும். கோல் செல்களுக்கு 20 முதல் 30 நிமிஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அவற்றுக்குள் ரோடாப்சின் என்ற நிறமி உண்டு. பலமான வெளிச்சம் பட்டால் அது வெளுத்துப் போகும், மறுபடி ஊறிவர நேரம் பிடிக்கும். அதாவது அந்தப் பெரியவர் வீட்டிலிருந்து கிளம்பி அரை மணி நேரமாகச் சேர்த்துவைத்திருந்த இருட்டுப் பார்வையை நான் ஒரே நொடியில் காலி பண்ணியிருக்கிறேன். வயதானால் பாப்பாவும் முன்போல விரியாது, கண் லென்ஸில் ஒளி சிதறுவதும் அதிகம், கூச்சத்திலிருந்து மீள்வதும் தாமதம். நான் அடித்த வெளிச்சம் என்னைவிட அவரை எத்தனை மடங்கு தாக்கியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

அது அவர் கண். என் கண் கதை இன்னும் வேடிக்கை. பெரிய டார்ச்சை அடித்தபோது எதிரே ஒரு வட்டம் பட்டப்பகல் மாதிரி தெரிந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் வட்டத்துக்கு வெளியே இருட்டு முன்னைவிடக் கெட்டியாகிவிட்டது. சின்ன டார்ச் காலத்தில் ஏரித் தண்ணீரின் பளபளப்பு தெரியும், மரத்தின் விளிம்பு வானத்தில் தெரியும், யாராவது வந்தால் நூறடிக்கு முன்பே அசைவு தெரியும். இப்போது எதுவும் இல்லை. பாதுகாப்புக்கு என்று வாங்கித்தந்த விளக்கு என்னை ஒரு மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டது. ஊருக்கே நான் தெரிகிறேன், எனக்கு யாரும் தெரியவில்லை.

தம்பியிடம் சொன்னேன். நம்பவில்லை. சரி, வா என்று அழைத்துப் போனேன். பாதையில் மூன்று கற்களை வைத்தேன். இருட்டில் கால் மணி நேரம் டார்ச் இல்லாமல் உட்கார்ந்தோம். நிலா கூட இல்லை. ஆனாலும் கற்கள் மூன்றும் சாம்பல் புள்ளிகளாகத் தெரிந்தன. நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரியும். விழித்திரையின் நட்டநடுவில் கோல் செல்களே கிடையாது, அதனால் அப்படி. பிறகு அவனை இருபது தப்படி தள்ளி நிற்கச் சொல்லி, என் முகத்தில் ஒரே ஒரு நொடி டார்ச் அடிக்கச் சொன்னேன். அணைத்ததும் நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். நாற்பது தாண்டியும் கற்கள் வரவில்லை. பச்சையாக ஒரு உருண்டை மட்டும் கண்ணுக்குள் மிதந்தது. அடுத்து அவனுக்கு. அவன் முப்பதிலேயே "போதும்க்கா, புரிஞ்சுது" என்று எழுந்துவிட்டான். இதை ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன்; அக்கா தம்பி சண்டையைத் தீர்க்கப் போதுமானதாக இருந்தது.

அந்த 10,000 லூமென் சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருந்தது ஒற்றை லித்தியம் செல், 18650 என்ற ரகம். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். அதில் தேறுவது ஏறத்தாழ 11 வாட் மணி, அதாவது 11 வாட் விளக்கு ஒரு மணி நேரம் எரிகிற சக்தி. நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் தருகிறது என்று வைத்துக்கொண்டாலும் 10,000 லூமெனுக்கு 100 வாட் வேண்டும். அப்படியே எரிந்தால் ஆறேழு நிமிஷத்தில் பேட்டரி காலி. அதற்குள் கையில் பிடிக்க முடியாதபடி கொதித்திருக்கும். சாதாரண செல் அவ்வளவு மின்சாரத்தை ஒரே சமயத்தில் தரவும் தராது. பெட்டியில் எழுதியது பொய் என்று தெரிந்துகொள்ளப் பெருக்கல் வகுத்தல் போதும். ஆனால் பாருங்கள், பொய்யான 10,000-க்கே பெரியவர் சரிவில் விழப் பார்த்தார்.

கூசவைப்பது லூமென் அல்ல என்பதும் அப்போதுதான் தெரிந்தது. லூமென் என்பது விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் வருகிற மொத்த ஒளி. அதை எவ்வளவு குறுக்கி ஒரே திசையில் அனுப்புகிறார்கள் என்பதைச் சொல்வது கேண்டெலா. ஜூமை இழுத்தால் லூமென் அதிகமாகாது, கேண்டெலா எகிறும். டார்ச்சுகளுக்கென்று அமெரிக்காவில் 2009-ல் வந்த எஃப்.எல்.1 தர அளவுகோலில், ஒளி போகும் தூரம் என்பது வெளிச்சம் கால் லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழுகிற ஒளியை அளப்பது லக்ஸ்) அளவுக்குக் குறைகிற இடம்வரைக்கும்; ஏறக்குறைய முழு நிலா வெளிச்சம். 10,000 கேண்டெலா டார்ச்சுக்கு அது 200 மீட்டர். அதே டார்ச் பத்து மீட்டரில் நிற்கிறவர் முகத்தில் 100 லக்ஸ் கொட்டும். தூரம் பாதியானால் நாலு மடங்கு. நிலா வெளிச்சத்துக்குப் பழகி நிற்கிற கண்ணுக்கு இது அடி.

டார்ச்சைக் கண்டுபிடித்த காலத்தில் நிலைமை தலைகீழ். 1899-ல் டேவிட் மைசெல் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய குழாய் டார்ச்சில் பேட்டரி அவ்வளவு நோஞ்சான். தொடர்ந்து எரிய வக்கில்லாமல் விட்டு விட்டு மின்னத்தான் முடிந்தது. ஆங்கிலத்தில் ஃபிளாஷ்லைட் என்ற பேரே அதனால் வந்ததுதான். நீல எல்.இ.டி. வந்து அதிலிருந்து வெள்ளை ஒளி பிறந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. அதைச் சாதித்த மூன்று பேருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. முன்னே ராணுவத் தேடுவிளக்குக்கு இருந்த திமிர் இப்போது பாக்கெட்டில் அடங்குகிறது. அதைப் பிடிக்கிற கைக்கு மட்டும் யாரும் எதுவும் கற்றுத்தரவில்லை.

நான் கற்றுக்கொண்டது சின்னச் சின்ன விஷயங்கள். டார்ச்சை இடுப்பு உயரத்துக்குக் கீழே, கையைத் தொங்கவிட்டபடி பிடிப்பது. ஒளி வட்டம் காலிலிருந்து மூன்று நான்கு தப்படி முன்னே விழ வேண்டும். இப்படிப் பிடிக்கும்போது ஒரு நல்ல காரியம் நடக்கிறது: சின்னக் கல்லுக்கும் நீளமாக நிழல் விழுகிறது, பள்ளத்தின் விளிம்பு கறுப்புக் கோடாகத் தெரிகிறது. அதே டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நிழலெல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பாதை வழவழவென்று பலகை மாதிரி தோன்றும், பள்ளமே தெரியாது. தலையில் கட்டுகிற ஹெட்லாம்ப்பில் எனக்குள்ள குறை இதுதான். இன்னொரு குறை, யாரிடமாவது பேசத் திரும்பினால் அது முதலில் அவர்கள் கண்ணைத்தான் பார்க்கும். மூடுபனியிலும் அப்படியே, கண்ணருகே விளக்கிருந்தால் பனித்துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்பி வெள்ளைச் சுவர் எழுப்பிவிடும். கீழே பிடித்தால் ஓரளவு பாதை தெரியும்.

வெளிச்ச அளவும் அப்படித்தான். மண்பாதையில் நடக்க 20, 30 லூமென் தாராளம். ஒற்றையடிப் பாதையில் கல்லும் வேருமாக இருந்தால் நூறு. அதற்கு மேல் நான் தொடுவதே ஒரு விநாடி, ரெண்டு விநாடி. ஏதோ சத்தம் கேட்டு என்னவென்று பார்க்க. என் இப்போதைய டார்ச்சில் முதல் அமுக்கே மிகக் குறைந்த ஒளியில்தான் எரியும். எனக்கு அதில் ரொம்பப் பிடித்த விஷயம் அதுதான். முதல் அமுக்கிலேயே முழு வேகத்தில் எரிகிற டார்ச்சை வடிவமைத்தவர்கள் இரவில் வெளியே போனவர்களாக இருக்க முடியாது.

சிவப்பு ஒளியையும் முயன்று பார்த்தேன். கோல் செல்களுக்கு ஆழ்ந்த சிவப்பு அவ்வளவாக உறைக்காது, அதனால் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் சிவப்பு விளக்குதான் வைத்திருப்பார்கள். டார்ச் முனையில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். கண்ணுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் சிவப்பிலும் மங்கலாக வைத்தால்தான் பலன். பளீரென்று அடித்தால் சிவப்பும் கூசும். மண்ணும் வேரும் ஒரே நிறமாகிவிடுவதால் நடக்க எனக்குத் தோதுப்படவில்லை. உட்கார்ந்து வானம் பார்க்கிற நாளுக்கு அது.

எதிரே ஆள் வந்தால் இப்போது நான் செய்வது: டார்ச்சை என் காலடிக்கே இறக்கிவிடுவேன், விரலால் பாதியை மூடிக்கொள்வேன். ஆள் யார் என்று பார்க்க முகத்தில் அடிக்கத் தேவையே இல்லை. தரையில் விழுகிற ஒளி சுற்றிலும் சிதறுகிறதே, அதிலேயே இடுப்புவரை, கைவரை நன்றாகத் தெரியும். பயந்த சுபாவமுள்ளவளாகச் சொல்கிறேன், எனக்கு முகத்தைவிடக் கை தெரிவதுதான் முக்கியம்.

சாலையில் நடக்கிற பாதிக்கு வேறு கணக்கு. அங்கே டார்ச் எனக்குப் பாதை காட்டுவதற்கு அல்ல, என்னை வண்டிக்காரருக்குக் காட்டுவதற்கு. நடக்கிறவர்களுக்கு ஒரு மாயை உண்டு. வண்டியின் ஹெட்லைட் நமக்குப் பளிச்சென்று தெரிவதால் நாமும் அவருக்குப் பளிச்சென்று தெரிவோம் என்று நினைத்துக்கொள்கிறோம். இறக்கிவைத்த ஹெட்லைட்டில் கறுப்புச் சட்டைக்காரர் கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரிவார். அதற்காக வண்டியை நோக்கி டார்ச் அடித்தால் அதைவிட ஆபத்து. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் கடக்கிறது. இரண்டு நொடி கண் கூசினால் முப்பத்துமூன்று மீட்டர் அவர் குருடாக ஓட்டுகிறார். அந்த முப்பத்துமூன்று மீட்டருக்குள் நிற்கிறது யார்? நான்தான்.

அதனால் ஒளியைத் தரையில் வைத்து, கையை வழக்கம்போல வீசி நடக்கிறேன். கணுக்காலில் இரண்டு பிரதிபலிப்புப் பட்டை கட்டியிருக்கிறேன். மார்பில் மாட்டுகிற பட்டையைவிடக் காலில் கட்டுவது நல்லது என்று படித்தபோது நம்பவில்லை, தம்பி வண்டியில் உட்கார்ந்து பார்த்தபோது புரிந்தது. மார்பில் இருந்தால் அது ஒரு புள்ளி, மைல்கல்லாகவும் இருக்கலாம். கணுக்காலில் இருந்தால் மேலும் கீழும் மாறி மாறி ஆடுகிற இரண்டு புள்ளி. அது மனிதன் நடக்கிற ஆட்டம் என்று மூளை ஒரு கணத்தில் கண்டுபிடித்துவிடுகிறது.

இதைச் சில நாடுகள் சட்டமாகவே வைத்திருக்கின்றன. பின்லாந்தில் இருட்டில் சாலையில் நடப்பவர் பிரதிபலிப்பான் அணிய வேண்டும். போலந்தில் 2014 முதல் ஊர் எல்லைக்கு வெளியே இருட்டில் நடப்பவர்களுக்கு அது கட்டாயம். நடைபாதை இல்லாத இடத்தில் வண்டி வருகிற திசையைப் பார்த்து எதிர்ப்பக்கமாக நட என்பது 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்பாட்டிலேயே இருக்கிறது. கூட்டமாக இரவில் நடந்தால் முன்னால் போகிறவர் வெள்ளை விளக்கும் கடைசியில் வருகிறவர் சிவப்பு விளக்கும் வைத்திருக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் சாலை விதி நூல். வண்டிக்கு எப்படியோ அப்படி. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால்கூட நானும் என் தோழியும் இதைக் கடைப்பிடிக்கிறோம். அவளுக்குச் சிவப்பு பிடிக்கும் என்பதால் தகராறு இல்லை.

இனி தம்பியின் டார்ச்சில் இருந்த மற்ற பொத்தான்களின் கதை. அந்தப் பொருளை உருவாக்கியவர்கள் சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதெல்லாம் கூடாதோ அதையெல்லாம் ஒன்றுவிடாமல் சேர்த்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

சிவப்பு நீல மின்னல் முதலாவது. பல நாடுகளில் இந்த மாதிரி மின்னுகிற விளக்கு போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. சாலையோரம் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் வண்டிக்காரர் விபத்து என்று நினைத்து பிரேக் போடுவார். போலீஸ் போல நடிப்பது என்று வழக்கும் வரலாம். பச்சை லேசர் அதைவிட மோசம். அமெரிக்காவில் 2012 முதல் விமானத்தை நோக்கி லேசர் அடிப்பது தனிக் குற்றம். ஐந்து வருடம்வரை உள்ளே போகலாம். பிரிட்டன் 2018-ல் கொண்டுவந்த சட்டத்தில் விமானம் மட்டுமல்ல, கார், ரயில், கப்பல் எல்லாம் அடக்கம், அங்கும் ஐந்து வருடம்வரை. லேசர்தானே, டார்ச் பரவாயில்லை என்றும் இருந்துவிட முடியாது. பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணை, பறக்கிற விமானத்தின் விமானியைக் கூசவைக்கிற மாதிரி 'எந்த ஒளியையும்' காட்டக் கூடாது என்றுதான் சொல்கிறது. தாழ்ந்து இறங்குகிற விமானத்தைப் பார்த்ததும் குழந்தைகள் டார்ச் ஆட்டுவார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

எஸ்.ஓ.எஸ். பொத்தான் ஒரு தொல்லை. குறைந்த வெளிச்சத்துக்கு மாற நாலு முறை அமுக்க வேண்டும். மூன்றாவது அமுக்கில் எஸ்.ஓ.எஸ். வந்து நிற்கும். ஏரியின் அந்தக் கரையிலிருந்து யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நிஜமாகவே ஆபத்தில் மாட்டியவர்களுக்கு அது உயிர். மலையேறுகிறவர்களுக்கு இன்னொரு முறையும் உண்டு: ஒரு நிமிஷத்துக்குள் ஆறு முறை ஒளி காட்டுவது, ஒரு நிமிஷம் விடுவது, மறுபடி ஆறு. பார்த்தோம் என்று பதில் சொல்ல நிமிஷத்துக்கு மூன்று. இதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்கலாம், எந்த டார்ச்சிலும் கையாலேயே செய்யலாம். விளையாட்டுக்குச் செய்தால் பொய் அபாய அறிவிப்பு, தண்டனை உண்டு.

ஸ்ட்ரோப் பற்றி என் தம்பியும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. தாக்க வருகிறவனைத் திணறடிக்கும் என்கிறான். இருட்டில் நானே போட்டுப் பார்த்தேன். என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, உலகம் துண்டு துண்டாகக் குதித்தது. ஓட வேண்டிய நேரத்தில் நான்தான் முதலில் விழுவேன். நொடிக்கு 3 முதல் 30 முறை மின்னுகிற ஒளி சிலருக்கு வலிப்பையே தூண்டும். பயம் வந்தால் நான் நம்புவது வெளிச்சம் உள்ள இடத்தை நோக்கி நடப்பதையும், போனில் யாரையாவது கூப்பிடுவதையும், தொண்டையையும்தான். அந்தப் பல் வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை: அடிக்கிறதுக்காக வைத்திருக்கிறேன் என்று நாமே சொல்லிவிட்டால், பல நாட்டுச் சட்டத்தில் சாதாரணப் பொருளும் ஆயுதமாகிவிடும். கெத்துக்கு என்று சொன்னால் எந்த அதிகாரியும் சிரிக்கமாட்டார்.

அதிகாரி என்றதும் பூனை ஞாபகம் வருகிறது. பக்கத்து வீட்டுப் பூனை ஒருநாள் காணாமல் போய், நான் பெரிய டார்ச்சை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். சுவர் மேல், மரத்தின் மேல், மாடிப்படிக்குக் கீழ் எல்லாம் அடித்துப் பார்த்தபடி. எனக்குப் பூனைதான் கண்ணில். ஆனால் ஒரு வீட்டின் படுக்கையறை ஜன்னலில் என் ஒளி இரண்டு மூன்று முறை ஏறி இறங்கியிருக்கிறது. உள்ளே இருந்தவருக்கு அது பூனை தேடுகிற அக்காவாகவா தெரியும்? கொஞ்ச நேரத்தில் ரோந்து வண்டி வந்து நின்றது. திரும்பின வேகத்தில் டார்ச்சும் வண்டியிலிருந்து இறங்கிய போலீஸ்காரர் முகத்துக்கே திரும்பியது. "மேடம், முதல்ல லைட்டை அணைங்க" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, ஆனால் ஒரு கை இடுப்புக்குப் போயிருந்தது. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால், இருட்டில் யாரோ ஒருவர் கையில் கனமான உலோகத் தடியோடு, முகமே தெரியாதபடி கூசவைத்துக்கொண்டு நிற்கிறார். அணைத்தேன், கையைத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன், பூனைக் கதையைச் சொன்னேன். அவர் பூனையின் நிறம் கேட்டார். அடுத்த வீட்டு ஜன்னலில் டார்ச் அடிப்பது எட்டிப் பார்க்கிறதாக, தொந்தரவாக எடுத்துக்கொள்ளப்படும், புகார் வந்தால் தாங்கள் வந்துதான் ஆக வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். பூனை இரண்டு நாள் கழித்துத் தானாக வந்தது.

மிருகங்களுக்கு வருகிறேன். நாயின் கண்ணில் டார்ச் அடித்தால் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னும். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருப்பதால். அந்த மின்னலைப் பார்க்க ஆசைப்பட்டு முகத்தில் அடித்துக்கொண்டே நின்றால் நாய் அதைச் சண்டைக்கு இழுப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒளியை இறக்கி, கொஞ்சம் ஒதுங்கி நடந்தால் பெரும்பாலும் குரைப்போடு முடிந்துவிடும். மான், முயல் எல்லாம் வெளிச்சத்தில் திகைத்து நின்றுவிடும். அந்தத் திகைப்பைப் பயன்படுத்துவதுதான் விளக்கடித்து வேட்டையாடுகிறவர்களின் வித்தை. பல நாடுகளில் அது குற்றம். சில இடங்களில் வேட்டைக்குப் போகாவிட்டாலும் காட்டோரம் மிருகங்களைத் தேடி ஒளி அடிப்பதே குற்றம். கடற்கரையில் நடக்கிறவர்கள் ஆமைக் குஞ்சு பொரிக்கிற பருவத்தில் வெள்ளை டார்ச்சே எடுக்காமல் இருப்பது நல்லது. குஞ்சுகள் வெளிச்சமான தொடுவானத்தைக் கடல் என்று நம்பிப் போகிறவை, நம் டார்ச்சையும் நம்பிவிடும்.

விளக்கைச் சுற்றுகிற பூச்சிகளைப் பற்றியும் ஒரு நல்ல விஷயம் படித்தேன். அவை ஒளியின் மேல் மோகம் கொண்டு வருவதில்லையாம். பறக்கும்போது முதுகை வானத்தின் வெளிச்சத்துக்குக் காட்டிக்கொள்வது அவற்றின் பழக்கம். பக்கத்தில் விளக்கு வந்தால் அதற்கு முதுகைக் காட்டப் போய்த் திசை கெட்டுச் சுற்றுகின்றன என்று 2024-ல் வெளிவந்த ஒரு ஆய்வு சொல்கிறது. என் டார்ச்சில் வந்து மோதுகிற ஈசலை அதற்குப் பிறகு கையால் அடித்துத் தள்ள மனம் வரவில்லை.

டார்ச் கண்ணுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு இடத்தில் அதைக் கண்ணருகே தூக்கிப் பிடிக்கச் சொல்வேன். ஆள் யாரும் இல்லாத புல்வெளியில் குறைந்த வெளிச்சத்தில், காதோரமாக டார்ச்சை வைத்துப் புல்லைப் பாருங்கள். பனித்துளி மாதிரி நீலப்பச்சைப் பொட்டுகள் மின்னும். கிட்டே போனால் பனித்துளி இல்லை, ஓநாய்ச் சிலந்திகள். அவற்றின் கண்ணுக்குள்ளும் அதே கண்ணாடி. முதல்முறை பார்த்த அன்று எண்ணிக்கொண்டே போய் நாற்பதோடு நிறுத்தினேன். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிற பாதையில் நான் தனியாகப் போவதாக நினைத்திருந்தேனே!

பேட்டரி பற்றிக் கொஞ்சம். உதிரி லித்தியம் செல்லைச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போடாதீர்கள். இரு முனையும் உலோகத்தில் பட்டால் தீப்பிடிக்கலாம். பைக்குள் இருக்கும்போது டார்ச்சின் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டால் பெரும்பாலும் தானாக எரியாது. ஒருமுறை நான் மறந்து, பையின் உள்துணியில் ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை.

அந்தப் பெரியவரை இப்போதும் வாரத்தில் மூன்று நாலு நாள் பார்க்கிறேன். தூரத்தில் அவர் டார்ச் மஞ்சளாக ஆடிக்கொண்டு வருவது தெரிந்ததும் நான் என்னுடையதைக் கீழே இறக்குவேன். அவர் தன்னுடையதை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். விரல் இடுக்கெல்லாம் சிவந்து, கை மட்டும் தணல் மாதிரி தெரியும். "வாங்கம்மா" என்பார். "வரேங்கய்யா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. போன வாரம் நின்று கேட்டார்.

"அந்தப் பெரிய லைட்டை என்னம்மா பண்ணீங்க? கையில காணோமே."

"வீட்லதாங்கய்யா இருக்கு. கரண்ட் போனா மேசை மேல நிக்க வச்சு, மேல கூரையப் பார்த்து அடிச்சுவிடறது. அறை முழுக்க வெளிச்சமா இருக்கும்."

"ஆங்," என்றார் கோலை எடுத்து வைத்தபடி. "கூரைக்குக் கண்ணு கூசாதில்ல."